மூன்று கொட்டேஷன், மூன்று விலை: சமையலறை வேலையை யாரிடம் கொடுப்பது?

சமையலறையை முழுவதும் பிரித்துவிட்டுப் புதிதாகச் செய்ய மூன்று கான்ட்ராக்டர்களிடம் விலை கேட்டிருக்கிறீர்கள். மூவரும் வந்து பார்த்துவிட்டு ஆளுக்கு ஒரு மொத்தத் தொகை சொல்லியிருக்கிறார்கள். குறைந்த தொகை, அதிகத் தொகையில் ஏறக்குறைய பாதி. அந்தக் குறைந்த விலைக்காரர் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். "இதில் நல்லவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பது உங்கள் கேள்வி. எனக்கு இதற்குள் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. ஒரே சமையலறைக்கு ஏன் இவ்வளவு விலை வித்தியாசம்? பணத்தைக் கொடுத்த பிறகு என் கையில் என்ன பிடி இருக்கும்? இவை இரண்டுக்கும் பதில் கிடைத்தால் யார் நல்லவர் என்ற கேள்வி பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும். நான் சிவில் இன்ஜினியர். வீடு புதுப்பிக்கும் வேலைகளைப் பல வருடங்கள் சைட்டில் நின்று மேற்பார்வை செய்தவன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். உரிமம், அனுமதி, ஒப்பந்தச் சட்டம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அதை மட்டும் உங்கள் ஊர் நிர்வாகத்திடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் விலை. குறைவாகச் சொன்னவர் ஏமாற்றுக்காரர் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலான நேரங்களில் மூன்று பேரும் மூன்று வேறு வேறு சமையலறைகளுக்கு விலை போட்டிருப்பார்கள். நீங்கள் வாயால் சொன்னது "பழசை எடுத்துட்டு புது கேபினெட், புது மேடை, புது டைல்ஸ்" என்பதாக இருந்திருக்கும். ஒருவர் இடிபாடுகளை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டும் செலவையும் சேர்த்திருப்பார், இன்னொருவர் அதை நினைத்தே பார்த்திருக்க மாட்டார். சுவரைக் கொத்தி வயர் பதித்த பிறகு அந்த இடத்தைப் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிப்பது யார் கணக்கு? பழைய டைல்ஸைப் பெயர்த்தால் அடியில் இருக்கும் தளம் மேடும் பள்ளமுமாக இருக்கும், அதைச் சமன் செய்வது யார்? சிம்னிக் குழாய் வெளியே போகச் சுவரில் துளை போடுவது, சிங்க்குக்கு கல்லில் வெட்டு எடுப்பது, கேஸ் இணைப்பை மாற்றுவது என்று விட்டுப்போகக்கூடிய சில்லறை வேலைகள் ஏராளம். ஒவ்வொன்றும் சிறியதுதான், எல்லாம் சேர்ந்தால் மொத்தத் தொகையைப் புரட்டிப் போட்டுவிடும். கணக்கில் வராதது எல்லாம் வேலை பாதி நடக்கும்போது "எக்ஸ்ட்ரா" என்ற பெயரில் திரும்பி வரும். வீடு உடைந்து கிடக்கும் அந்த நேரத்தில் உங்களால் பேரம் பேச முடியாது.

அதனால் ஆளை எடை போடுவதற்கு முன்னால் வேலையை எழுதுங்கள். இரண்டு மூன்று பக்கம் போதும். அளவு போட்ட ஒரு வரைபடம், அதோடு என்னென்ன செய்ய வேண்டும் என்ற விவரம். "நல்ல பிளைவுட்" என்று எழுதினால் அது எதையும் குறிக்காது. பிளைவுட்டில் பார்க்க வேண்டியது அதன் பசை. யூரியா ஃபார்மால்டிஹைட் பசையில் ஒட்டியது ஈரக்காற்றைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. ஃபீனால் ஃபார்மால்டிஹைட் பசையில் ஒட்டியது தண்ணீரையும் நன்றாகத் தாங்கும். எல்லா அலமாரிக்கும் இரண்டாவது வகைதான் வேண்டும் என்று இல்லை. சிங்க்குக்குக் கீழே வரும் பெட்டிக்கும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தை ஒட்டி வரும் பலகைக்கும் அது கட்டாயம் வேண்டும். கீல், டிராயர் சேனல் ஆகியவற்றின் பிராண்டையும் எத்தனை கிலோ தாங்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள், ஏனென்றால் ஒரு சமையலறையில் முதலில் பழுதாவது அவைதான். மேடைக் கல் எத்தனை மில்லிமீட்டர் கனம், விளிம்பு எப்படி, எத்தனை வெட்டு என்பதையும் குறிப்பிடுங்கள். மின்சாரப் பாயின்ட் ஒவ்வொன்றையும் வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டுங்கள். கெட்டில் ஒன்றே 2,000 வாட் இழுக்கும். நான்கு இடம் உள்ள இண்டக்ஷன் அடுப்பு 7,000 வாட் வரை போகும். ஓவனையும் இதையும் பழைய ஒற்றை லைனில் மாட்டுகிறேன் என்கிறவரிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை.

டைல்ஸ், குழாய், கைப்பிடி போன்றவற்றை நீங்கள் இன்னும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டீர்கள். அவற்றுக்கு கான்ட்ராக்டர் உத்தேசமாக ஒரு தொகை போட்டிருப்பார். விலையைக் குறைத்துக் காட்ட இதைவிட எளிய வழி கிடையாது. குழாய்க்கு அடிமட்ட விலையைப் போட்டு மொத்தத்தை இறக்கிக் காட்டலாம், பொய் சொன்னதாகவும் ஆகாது. நீங்கள் கடைக்குப் போய் சுமாரான குழாய் ஒன்றை எடுத்தாலே வித்தியாசம் உங்கள் தலையில் விழும். எனவே இந்த உத்தேசத் தொகையை நீங்களே ஒரு தடவை கடையில் விசாரித்து நிர்ணயித்து, மூவருக்கும் ஒரே தொகையாகக் கொடுத்துவிடுங்கள். இப்போது அதே காகிதத்தை வைத்து மூவரையும் மறுபடி விலை போடச் சொல்லுங்கள், மொத்தமாக இல்லாமல் பகுதி பகுதியாக. என் அனுபவத்தில் இந்தச் சுற்றில் விலைகள் நெருங்கி வந்துவிடும். மிச்சம் இருக்கும் வித்தியாசம்தான் உண்மையான வித்தியாசம்: கூலி, மேற்பார்வை, லாபம். காகிதத்தை வாங்கிப் பார்க்காமலே "அதெல்லாம் பாத்துக்கலாம், நீங்க கவலைப்படாதீங்க" என்று ஒருவர் சொன்னால், அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு எழுதினாலும் முன்கூட்டியே தெரியாத சில விஷயங்கள் உண்டு. சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் என்ன இருக்கிறது என்பதை உடைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். துருப்பிடித்த குழாய், எர்த் இல்லாத வயரிங், பின்பக்கத்திலிருந்து ஊறி வரும் ஈரம் எதுவும் இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் போகலாம். உங்கள் சுவரைப் பார்க்காத நான் மட்டுமல்ல, நேரில் பார்த்த அந்த மூவரும் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. யோக்கியமான கான்ட்ராக்டர் இதை மறைக்க மாட்டார். "பழைய குழாயை மாற்ற வேண்டி வந்தால் மீட்டருக்கு இவ்வளவு, மறுபூச்சு தேவைப்பட்டால் சதுர அடிக்கு இவ்வளவு" என்று தனி விலையை முதலிலேயே எழுதிக் கொடுப்பார். நீங்களும் மொத்தத் தொகைக்கு மேல் 10 முதல் 20 சதவீதம் வரை ஒதுக்கி வையுங்கள், பழைய கட்டடம் என்றால் 20 சதவீதமாகவே வையுங்கள். அந்தத் தொகை இருப்பது கான்ட்ராக்டருக்குத் தெரிய வேண்டியதில்லை. இடத்தைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுக்கும் யோசனை இருந்தால், அது பாரம் தாங்கும் சுவரா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் தனியாகப் பணம் கொடுத்துக் கேளுங்கள். தட்டிப் பார்த்துவிட்டு "இது சும்மா தடுப்புதான்" என்று சொல்லும் யாரையும் நம்ப வேண்டாம், அவர் எத்தனை வீடு கட்டியவராக இருந்தாலும் சரி. பழைய வீட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த ஷீட்டோ தரை ஓடோ இருக்கும் என்ற சந்தேகம் வந்தால் உடைப்பதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். உடைத்த பிறகு நுரையீரலைக் கெடுக்கும் அந்தத் தூசியைத் திரும்பப் பிடிக்க முடியாது.

ஆளைப் பற்றி இப்போது பேசலாம். அவர் உங்கள் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்கிறார் என்பதைவிட உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். ஓர் உதாரணம். சிங்க்கை எதிர்ச் சுவருக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். கழிவுநீர் தானாக ஓட வேண்டுமானால் அந்த அளவுக் குழாய்க்கு மீட்டருக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் சரிவு வேண்டும். 3 மீட்டர் தள்ளி வைத்தால் குழாய் 6 சென்டிமீட்டர் இறங்கியாக வேண்டும். தரை வீட்டில் அது பெரிய விஷயமில்லை. அடுக்குமாடியில் அந்த 6 சென்டிமீட்டரைத் தளத்தின் கான்கிரீட்டுக்குள் தேட முடியாது, அலமாரிக்குப் பின்னால் சுவரோரமாகக் கொண்டுபோக வேண்டும், அப்போது டிராயரின் ஆழம் குறையும். நல்லவர் உடனே "கழிவுக் குழாய் எங்கே இறங்குகிறது, கீழே யார் வீடு?" என்று கேட்பார். "செஞ்சிடலாம்" என்று தலையாட்டுகிறவர் ஆறு மாதத்தில் அடைத்துக்கொள்ளும் சிங்க்கைத்தான் தருவார். அதேபோல் உங்கள் உயரம் என்ன, இடது கைப் பழக்கமா, வீட்டில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் சமைப்பீர்கள் என்றெல்லாம் கேட்பவர் எனக்குப் பிடிக்கும். வழக்கமான மேடை உயரம் 85 முதல் 90 சென்டிமீட்டருக்குள் இருக்கும். அது எல்லோருடைய முதுகுக்கும் ஒத்துவரும் என்று யாரும் சொல்லவில்லை.

முடித்த வேலைகளின் போட்டோவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முடிந்த அன்று எல்லாச் சமையலறையும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் செய்த வேலை ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அங்கே போய் சிங்க்குக்குக் கீழே இருக்கும் கதவைத் திறந்து பலகை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். மேடையும் சுவர் டைல்ஸும் சேரும் இடத்தில் சிலிகான் கறுத்தோ விரிந்தோ இருக்கிறதா, டிராயர்கள் ஒரே கோட்டில் மூடுகின்றனவா என்பதையும் கவனியுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் "நல்லவரா?" என்று கேட்டால் "ம், நல்லாத்தான் செஞ்சார்" என்பதோடு முடித்துவிடுவார். முதல் கொட்டேஷனுக்கும் கடைசி பில்லுக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்தது, முடித்துப் போன பிறகு ஒரு கதவு இறங்கியபோது கூப்பிட்டதும் வந்தாரா என்று கேளுங்கள். பிரச்சினையே வராத வேலை கிடையாது, வந்தபோது அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதுதான் உங்களுக்குத் தேவை. இணையத்தில் இருக்கும் நட்சத்திர மதிப்பீடுகளுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை, பெரும்பாலும் வேலை முடிந்த சூட்டில் எழுதப்பட்டவை அவை. உரிமத்தைப் பொறுத்தவரை, அது இருப்பதால் வேலை நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் சட்டப்படி தேவைப்படும் இடத்தில் அது இல்லையென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நடந்துகொண்டிருக்கும் சைட் ஒன்றையும் முடிந்தால் பாருங்கள். தரையை மூடி வைத்திருக்கிறார்களா, பலகைகள் ஈரத்தரையில் கிடக்கின்றனவா, மேற்பார்வைக்கு ஆள் இருக்கிறாரா என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கல் எப்படி வெட்டுகிறார்கள் என்று நான் குறிப்பாகப் பார்ப்பேன். செயற்கை குவார்ட்ஸ் கற்களில் சிலிக்கா 90 சதவீதம் வரை இருக்கலாம். அதைத் தண்ணீர் ஊற்றாமல் வெட்டும்போது கிளம்பும் தூசி நுரையீரலைக் கெடுத்து சிலிகோசிஸ் நோயைத் தரும். வெட்டும் தொழிலாளர்கள் பலர் இதனால் பாதிக்கப்பட்டதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. தன் ஆட்களை முகமூடிகூட இல்லாமல் உலர்வெட்டு வெட்ட விடும் ஒருவர் உங்கள் வீட்டு வயரிங்கில் மட்டும் அக்கறை காட்டுவார் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். அப்புறம், தொழிலாளிக்கு அடிபட்டால் யார் பொறுப்பு, அவரிடம் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டு, சான்றிதழை வாங்கிப் பாருங்கள். உங்களிடம் வந்து இனிமையாகப் பேசியவர் தினமும் சைட்டுக்கு வரப்போவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். வரப்போவது யார் என்று பெயர் கேட்டு, அவரையும் ஒரு தடவை சந்தித்துவிடுங்கள்.

சரி, முன்பணம். பாதியைக் கொடுக்காதீர்கள். எந்த நாளிலும் நீங்கள் கொடுத்திருக்கும் பணம் அவர் முடித்திருக்கும் வேலையைத் தாண்டி வெகுதூரம் போகக் கூடாது. போய்விட்டால் உங்கள் வேலையை நிறுத்திவிட்டு அடுத்த வீட்டில் முன்பணம் வாங்கிக்கொண்டு அங்கே போவதற்கு அவருக்குக் காரணம் கிடைத்துவிடும். கெட்ட எண்ணம் இல்லாதவர்களும் இப்படி ஒரு வீட்டுப் பணத்தில் இன்னொரு வீட்டை ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கலிஃபோர்னியாவில் வீட்டுச் சீரமைப்பு வேலைக்கு முன்பணம் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 10 சதவீதம் என்பது நியாயமான அளவுதான். ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் அளவுக்கென்றே செய்யும் கேபினெட்டை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதால் பட்டறைகள் கணிசமான தொகையை முன்கூட்டியே கேட்கும், அது நியாயம். அந்தப் பணத்தை ஆர்டர் ரசீதைப் பார்த்துவிட்டு, முடிந்தால் பட்டறைக்கே நேரடியாகக் கொடுங்கள். மற்ற தவணைகளைத் தேதியோடு கட்டாதீர்கள், வேலையோடு கட்டுங்கள்: உடைத்து அள்ளியதும் இவ்வளவு, குழாயும் வயரும் பதித்துச் சோதித்ததும் இவ்வளவு, கேபினெட் நின்றதும் இவ்வளவு. கடைசி 5 முதல் 10 சதவீதத்தை எல்லாம் முடிந்து, விட்டுப்போன சில்லறை வேலைகளும் தீர்ந்த பிறகு கொடுங்கள். அதற்காக நியாயமான தவணையையும் இழுத்தடிக்காதீர்கள். கூலி கொடுக்கப் பணம் இல்லாவிட்டால் ஆட்கள் அடுத்த நாள் வர மாட்டார்கள். இன்னொன்று, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் கான்ட்ராக்டர் பணம் கொடுக்காத துணை ஒப்பந்தக்காரரோ பொருள் கொடுத்தவரோ உங்கள் வீட்டின் மீதே உரிமை கோர முடியும். அங்கெல்லாம் ஒவ்வொரு தவணைக்கும் அவர்களிடமிருந்து "பணம் வந்தது, உரிமை கோர மாட்டோம்" என்று எழுதி வாங்குவது வழக்கம்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பதைவிட எந்த வரிசையில் செய்வீர்கள் என்று கேளுங்கள். உடைப்பு, குழாய், வயர், பூச்சு, தரை, கேபினெட், மேடைக் கல், சுவர் டைல்ஸ், சிங்க் இணைப்பு என்று கோர்வையாகச் சொல்பவருக்கு வேலை தெரியும். பலருக்குத் தெரியாத இடம் ஒன்று இதில் இருக்கிறது. பட்டறையில் வெட்டி வரும் மேடைக் கல்லுக்கு, கேபினெட்டைச் சுவரில் பொருத்திய பிறகுதான் சரியான அளவெடுக்க முடியும். அளவெடுத்து, வெட்டி, கொண்டுவர ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். அதுவரை சிங்க்கும் கிடையாது. எல்லாவற்றையும் இரண்டே வாரத்தில் முடிக்கிறேன் என்பவரிடம் இந்த இடைவெளியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கேபினெட் வந்து சேரும் தேதி உறுதியாகும் முன் பழைய சமையலறையில் கை வைக்க விடாதீர்கள். தரை டைல்ஸை கேபினெட்டுக்கு முன் போடுவதா பின் போடுவதா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு, இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. முழுத் தரைக்கும் முதலிலேயே போட்டுவிடுவதுதான் என் விருப்பம். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு முன்னால் மட்டும் பிறகு டைல்ஸ் போட்டுத் தரை உயர்ந்தால், பழுது பார்க்க அதை வெளியே இழுக்கவே முடியாமல் மாட்டிக்கொள்ளும். சுவரைப் பூசி மூடுவதற்கு முன் குழாயில் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் அளவு டேப்பை வைத்து எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள், நாளைக்கு ஓர் ஆணி அடிக்கும்போது உதவும்.

சண்டை பெரும்பாலும் மாற்றங்களில்தான் தொடங்குகிறது, அதில் குற்றவாளி பல நேரம் வீட்டுக்காரர்தான். "இங்கே இன்னொரு பாயின்ட் போட்டுடுங்களேன்" என்று நடையில் சொல்லிவிட்டுப் போவோம், கடைசியில் பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடைவோம். எந்த மாற்றமானாலும் என்ன, எவ்வளவு பணம், எத்தனை நாள் கூடும் என்று ஒரு குறுஞ்செய்தி, அதற்கு நீங்கள் "சரி" என்று பதில். அது இல்லாமல் செய்ததற்குப் பணம் கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வேலை விவரக் காகிதம், வரைபடம், தவணைகள், தொடங்கி முடிக்கும் தேதி, குறைகளை எத்தனை மாதம் வரை இலவசமாகச் சரிசெய்வார், அனுமதி வாங்குவது யார் என்பதும் அதில் இருக்கட்டும்.

உங்கள் விஷயத்தில் நான் என்றால் குறைந்த விலைக்காரரை இப்போதே ஒதுக்க மாட்டேன். எழுதிய காகிதத்தைக் கொடுத்து மறுபடி விலை போடச் சொல்வேன், முன்பணத்தை 10 சதவீதமாக்கி மீதியைத் தவணையாகப் பிரிக்கக் கேட்பேன். விலை ஏறி மற்றவர்களுக்குப் பக்கத்தில் வந்தால், முதல் தடவை அவசரமாகப் போட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு மூவரில் ஒருவராக வைத்துக்கொள்வேன். காகிதத்தில் இருக்கும் எல்லாவற்றையும் பார்த்த பிறகும் பாதி விலையிலேயே நின்றால், எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் யார், அவர்களுக்கு என்ன கொடுக்கிறார் என்று கேட்பேன். விலை எப்படி வந்தது என்று விளக்க முடியாவிட்டாலோ, பாதிப் பணம் கைக்கு வராமல் தொடங்க முடியாது என்று பிடிவாதமாக நின்றாலோ, நன்றி சொல்லி அனுப்பிவிட்டு மற்ற இருவரில் கழிவுக் குழாயைப் பற்றிக் கேட்டவர் யார் என்று பார்ப்பேன்.